63-இல் காட்டும் வருமானம்

எடிசன், நியூ ஜெர்சி
அக்டோபர் 2025

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் உடனே டல்லாஸுக்குக் கிளம்பி வரலாமா என்றிருந்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அவருக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சென்னை ஃபிளாட்டை விற்பதைப் பற்றியும், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை, இப்போதே வரி கட்டிவிட்டுப் பிறகு வரியில்லாமல் எடுக்கும் ராத் கணக்குக்கு மாற்றுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். இரண்டுமே அந்த வருட வருமானத்தில் சேரும். அதனால் எதைச் செய்வதானாலும், 65 வயதில் சேரும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பிரீமியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடு. இரண்டு வருடத்துக்கு முந்தைய டாக்ஸ் ரிட்டர்னைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். உங்கள் இருவருக்கும் அடுத்த வருடம் 63. அந்த 2026 வருமானம்தான் 2028-இல் நீங்கள் மெடிகேரில் சேரும்போது முன்னால் வந்து நிற்கும். அதனால் ராத்துக்கு மாற்ற நினைப்பதில் ஒரு பெரிய பங்கை இந்த டிசம்பருக்குள்ளேயே மாற்ற முடியுமா என்று உங்கள் வரிக் கணக்காளரான சி.பி.ஏ.விடம் கேள்.

மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் இந்த 2025-ஆம் வருடம் ஒருவருக்கு மாதத்துக்கு 185 டாலர். கணவன் மனைவி சேர்ந்து காட்டும் வருமானம் 2,12,000 டாலரைத் தாண்டினால், 'இர்மா' என்ற கூடுதல் கட்டணம் சேர்ந்து அது 259 ஆகிவிடும். மருந்துக்கான பார்ட் டி-யில் இன்னொரு 13.70. இருவருக்குமாக வருடத்துக்கு 2,100 டாலருக்கு மேல். வரம்பை ஒரே ஒரு டாலர் தாண்டினாலும் முழுத்தொகையும் கட்டத்தான் வேண்டும். வருமானம் ஏற ஏற இன்னும் நாலு படி இருக்கிறது; உச்சியில் பார்ட் பி மட்டுமே 628.90.

நம்மவர்கள் பலர் கவனிக்காதது ஊரில் இருக்கும் பணம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் போடும் என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லைதான், ஆனால் இங்கே அது வருமானம். ஃபிளாட் விற்ற லாபமும் அப்படியே. இங்கே வரி இல்லாத முனிசிபல் பாண்டு (உள்ளாட்சி, மாநில அரசுகளின் கடன் பத்திரம்) வட்டியைக்கூட இர்மாவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அவர் போன வருடம் ஓய்வு பெற்றாரே, 2023 சம்பளத்தை வைத்து எங்களுக்கும் கூடுதல் கட்டணம் போட்டுக் கடிதம் வந்தது. எஸ்.எஸ்.ஏ-44 என்ற படிவத்தை நிரப்பி, வேலையிலிருந்து நின்றதற்கான அத்தாட்சியோடு கொடுத்தோம், குறைத்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் ஓய்வு பெறும்போது நீங்களும் இதைச் செய்யலாம். ஆனால் வீடு விற்றதற்கோ ராத்துக்கு மாற்றியதற்கோ இந்தப் படிவம் உதவாது.

அதிக வருமானம் உள்ளவர்கள் கூடுதலாகக் கட்டுவது நியாயம் என்றே நினைக்கிறேன். 185 டாலர் என்பது பார்ட் பி செலவில் கால் பங்குதான். மீதி பெரும்பாலும் வரிப்பணத்திலிருந்து வருகிறது. என் மனம் ஒப்பாதது வேறொன்று. இருவரில் ஒருவர் போய்விட்டால், அடுத்த வருடத்திலிருந்து மற்றவர் தனியாகத்தான் வரி தாக்கல் செய்ய வேண்டும். அப்போது வரம்பு, 2025 கணக்குப்படி, 1,06,000 டாலர்தான். வருடத்துக்கு 1,80,000 டாலர் வரும் தம்பதிக்கு 2025-இல் கூடுதல் கட்டணமே இல்லை. அதே வருமானத்தோடு தனியாக நிற்பவருக்கு பார்ட் பி மாதம் 480.90. துக்கத்தில் இருப்பவரிடம் இப்படி வாங்குவதை மாற்றத்தான் வேண்டும்.

இதனால்தான் ராத் பக்கம் கொஞ்சம் சேர்த்து வை என்கிறேன். பிறந்த வருடத்தைப் பொறுத்து 73 அல்லது 75 வயதிலிருந்து 401கே-யில் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும். முறைப்படி ராத்திலிருந்து எடுப்பது இர்மா கணக்கில் வராது. நாளைக்கு உங்களில் யார் தனியாக இருந்தாலும் உதவும்.

சரி, ஃபிளாட் பத்திரப்பதிவு இந்த வருடமா, அடுத்த வருடமா? தேதி முடிவானதும் எழுது. போன வருட ரிட்டர்னை எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
வசந்தா