குரோமியக் குவியலோடு நிலத்தடி நீரையும் சுத்தம் செய்யக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ராணிப்பேட்டை மாவட்டம்.

அனுப்புநர்: சிப்காட்டைச் சுற்றிக் குடியிருப்போர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1995-ல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு சுமார் 2.27 லட்சம் டன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் கேட்க வந்தது, அந்தக் குவியலிலிருந்து கரைந்து ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட குரோமியத்தைப் பற்றி.

குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டு வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சிய சக்கை அது. அதில் தங்கிய ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) தண்ணீரில் சுலபமாகக் கரையும், புற்றுநோயும் தரும். மழை விட்டதும் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள், கசிந்து ஓடும் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர்தான் வற்றும்.

குவியலை மூடினால் இனி இறங்குவது குறையும், சரி. இறங்கியதை யார் எடுப்பது?

இதற்கு வழி இருக்கிறது. மாசுபட்ட தண்ணீரை இறைத்து, அமிலத்தன்மையைச் சரிசெய்து ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடும், அப்புறம் சுண்ணாம்பு போட்டு பி.எச். (அமில-கார அளவு) 8, 9 அளவுக்கு ஏற்றினால் அது கரையாமல் வண்டலாக அடியில் படிந்துவிடும். உலோக முலாம் பூசும் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைக் கழிவுநீருக்குக் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் இது. மேலே தெளிந்த நீரில் மிச்சம் இருந்தால் கரைந்திருக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்ற ரெசின் வழியாக விடலாம். ஆனால் வண்டலைப் பிழிந்து அங்கேயே ஒரு மூலையில் கொட்டிவிடக் கூடாது. அபாயக் கழிவுக்கென்று அமைத்த பாதுகாப்பான நிலநிரப்புக்குத்தான் அது போக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு குவியலைத்தான் உருவாக்குவோம்.

ஆகவே குவியலுக்கு எந்தத் திட்டம் போட்டாலும், நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையத்தையும் அதிலேயே சேர்க்க வேண்டுகிறோம். பாலாறு இருக்கும் திசையில் வரிசையாகக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாக அளந்து, முடிவுகளை மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். அதுவரை, பரிசோதனையில் தேறாத கிணறுகளை நம்பியிருக்கும் வீடுகளுக்குக் குழாயிலோ லாரியிலோ நல்ல தண்ணீர் வர வேண்டும், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரையும் வைத்துக்கொண்டு எங்களோடு பேச ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிப்காட் சுற்றுவட்டார மக்கள்