குழந்தைகள் நலச் செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் குழந்தைகள் வார்டில் பல வருடங்களாக வேலை பார்க்கும் செவிலியர். பொம்மையை வைத்துப் பயிற்சி எடுக்கும் ஸ்கில் லேபில் கைதேர்ந்த உங்கள் மாணவர்கள், வார்டுக்கு வந்த முதல் வாரம் திணறுகிறார்கள். நானும் அப்படித்தான் திணறினேன். லேபில் இருக்கும் பொம்மை அழாது, உதைக்காது. "மெதுவா சிஸ்டர்" என்று பதறும் அம்மாவும் அதற்கு இல்லை.

மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் வந்ததும் தெர்மாமீட்டரை வைத்துவிடுகிறார்கள். குழந்தை வீறிடுகிறது. அப்புறம் எண்ணி என்ன பயன்? அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதே, சட்டையை மட்டும் மெல்ல விலக்கி, முழுதாக 1 நிமிடம் எண்ண வேண்டும். எதை முதலில் செய்வது என்பதற்கு உங்கள் செக்லிஸ்ட்டில் மதிப்பெண் இருக்கிறதா?

மருந்துக் கணக்கும் தாளோடு நின்றுவிடுகிறது. 8 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 120 மி.கி. சரி. ஆனால் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் 2.4 மி.லி. இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்து, லேபிளைப் படித்து சிரிஞ்சில் எடுக்கச் சொல்லுங்கள். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

செய்முறைகளைக் கற்பிக்க அறுவை மருத்துவர் பெய்ட்டன் சொன்ன நான்கு படி முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: பேசாமல் செய்துகாட்டுவது, விளக்கிக்கொண்டே செய்வது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது, கடைசியில் மாணவரே செய்வது. நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது மூன்றாவது படி. மாணவர் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது, ஊசி குழந்தையின் தொடையைத் தொடுவதற்கு முன்பே, அங்கேதான் வெளியே வரும். தயவுசெய்து அதை விடாதீர்கள்.

மாணவர்கள் நிலையம் நிலையமாகப் போய்ச் செய்துகாட்டும் ஆஸ்கி (OSCE) செய்முறைத் தேர்விலும் ஒரு நிலையத்தில் பொம்மையோடு ஒரு பதற்றமான அம்மாவையும் உட்கார வையுங்கள். சீனியர் மாணவி ஒருவர் நடித்தால் போதும்.

இன்னொன்று. ஒரு நாள் மாணவர்களோடு வார்டுக்கு வந்து, நீங்களே ஒரு குழந்தைக்கு மூச்சு எண்ணிக் காட்டுங்கள். குழந்தை அழுதுவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு செவிலியர்