பதவி பறிக்கப்பட்ட அதிகாரி வீடு திரும்பும்போது

போர்ப் படங்களுக்கு இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கும் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும், வணக்கம்.

முதல் பாகத்தின் முடிவில் பதவி பறிக்கப்பட்ட அதிகாரியை அடுத்த பாகத்தில் ஊருக்கு அழைத்து வருகிறீர்கள். அரை மணி நேரம் குடிக்க வைக்கிறீர்கள். பிறகு பழைய சகா ஒருவர் கதவைத் தட்ட, இன்னொரு சண்டை மூள, உச்சக்காட்சியில் களங்கம் துடைக்கப்பட்டுவிடுகிறது. இந்த அவசரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் படையின் கேப்டன் ஆல்ஃபிரட் டிரைஃபஸ், தாம் செய்யாத உளவுக் குற்றத்துக்காக 1895 ஜனவரி 5 அன்று பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் நிறுத்தப்பட்டு, சீருடையின் பட்டைகளும் பொத்தான்களும் பிய்க்கப்பட, தம் வாள் முறிக்கப்படுவதைப் பார்த்தார். பிய்க்கும்போது தடங்கல் நேரக்கூடாது என்று முன்னதாகவே தையலைத் தளர்த்தி, வாளையும் அராவி வைத்திருந்தார்கள். (அவமானத்துக்கும் ஒத்திகை உண்டு போலும்.) 1906இல் நீதிமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது, மேஜராகப் பணியிலும் சேர்த்தார்கள். ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகளைப் பணிமூப்பில் கணக்கிடவில்லை. மறு ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். உங்கள் திரைக்கதை 1906இல் முடிந்துவிடும். நான் பார்க்க விரும்புவது 1907ஐ.

பிரிட்டிஷ் இந்தியப் படையை விட்டு நேதாஜியின் படையில் சேர்ந்து போரிட்டதற்காக டெல்லி செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோரின் கதை இன்னும் சிக்கலானது. 1946 ஜனவரியில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அவர்களது ஆயுள் நாடுகடத்தல் தண்டனையை ரத்து செய்தார். பதவி நீக்கமும் சம்பள பாக்கி இழப்பும் நீடித்தன. ஊர் மாலை போட்டது, கோப்பு மாறவில்லை. சுதந்திர இந்தியாவின் ராணுவமும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவர்களில் ஒருவர் தவறிழைக்காதவர். மற்றவர்களை நாடு வீரர்களாகவே கண்டது. உங்கள் கதாநாயகர் உண்மையிலேயே தவறு செய்தவராக இருந்து, அவர் தந்த உத்தரவால் சிப்பாய்கள் இறந்திருந்தால் என்ன செய்வீர்கள்? ரகசியக் கடிதம் எதுவும் கடைசி நேரத்தில் கிடைத்து அவரைக் காப்பாற்ற வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்த சீருடையில், பட்டை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நிறமாய்த் தெரிய, அதை மனைவி மறுபக்கம் திருப்பி மடித்து வைக்கும் வரை கேமரா அந்த அறையை விட்டு நகராதிருக்கட்டும். இறந்த சிப்பாயின் தாய் வாசலில் வந்து நிற்கும்போது பின்னணி இசையையும் நிறுத்திவிடுங்கள்.

அப்படியொரு படத்தில் ஒரு குண்டுகூட வெடிக்காவிட்டாலும் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.

இப்படிக்கு,
போர்ப் படங்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகர்