அந்தச் சத்தத்தை அணைத்து வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2023 அக்டோபர் 20ஆம் தேதி அரசாங்கம் நடத்திய பேரிடர் எச்சரிக்கைச் சோதனையில் தமிழ்நாடு முழுக்கச் செல்போன்களில் ஒலித்த அபாயச் சத்தம் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மக்கள் பீதியடைந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் நாகப்பட்டினத்தை ஒட்டிய மீனவர் பகுதியில் பதினோரு வருடமாக ரீசார்ஜ், சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சத்தம் ஓய்ந்ததும் தெருவில் பாதிப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தார்கள். அந்தப் பீதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது ரிப்பேருக்கு வந்த போன்கள் ஏழெட்டு மேசைமேல் கிடந்தன. சிம் போட்டிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. கடையில் நின்ற ஒருவர் பேட்டரி வெடிக்கப் போகிறது என்று நினைத்துத் தன் போனைத் தரையில் வைத்துவிட்டு விலகிப் போனார். ஒரு கல்லூரி மாணவர் யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், பேங்க் பணம் போய்விடும் என்று சிம்மையே கழற்றிவிட்டார். இனிமேல் நாம் பேசுவதையெல்லாம் கேட்பார்களா என்று கேட்டவர்களும் உண்டு. முந்தின நாளே பேப்பரிலும் டிவியிலும் சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கம் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்களுக்கும், ஏலக்கூடத்தில் மீன் எடுக்கிற பெண்களுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, இந்தச் சத்தம் இனிமே வராம பண்ணிக் குடுங்க." செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை என்று இருப்பதை ஆஃப் செய்தால் போதும். பத்துப் பேருக்கு நானே செய்து கொடுத்தேன். அவர்கள் பயந்து போயிருந்தார்கள், எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு வயதான அம்மா பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக மேற்கே போனார். தோளில் ஒரு மஞ்சப்பை. ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் அதில் இருந்தன என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "தம்பி, கடல் வருதாம்ல, கடைய சாத்திட்டு வா" என்றார். இல்லையம்மா, இது சோதனை என்று விளக்கி பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கோபப்படவே இல்லை. "நெசமா வந்தாலும் இப்படித்தான் அடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் யாருக்கும் அந்தச் சத்தத்தை ஆஃப் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று சரியாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அதைப் பீதி என்று சொல்ல என்னால் முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஆறரை ஆகவில்லை. அலை நாகை கரையைத் தொட்டபோது ஒன்பது மணி ஆகிவிட்டது. நடுவில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. குழந்தைகளை எழுப்பி, பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, மெதுவாக நடந்தே தப்பித்திருக்கலாம். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்கம் வந்தது தெரிந்திருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளின் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல அன்றைக்கு எந்த ஏற்பாடும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இப்போது ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007 முதல் வேலை செய்கிறது. அங்கே தெரிவதை எங்கள் தெருவரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிற கடைசி வழி இந்தச் சத்தம்தான்.

கடையில் எல்லோருக்கும் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இது எஸ்எம்எஸ் இல்லை. எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போக வேண்டும். ஆபத்து நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் போன் போட்டால் லைன் அடைத்துக்கொள்ளும், மெசேஜும் நின்றுவிடும். செல் பிராட்காஸ்ட் என்கிற இந்த முறை கோயில் ஒலிபெருக்கி மாதிரி. டவர் ஒரு தடவை சொல்கிறது, அதன் எல்லைக்குள் இருக்கிற போன்கள் கேட்டுக்கொள்கின்றன. இதற்கு யாருடைய நம்பரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். யார் போனில் ஒலித்தது என்பதுகூட டவருக்குத் தெரியாது. இதை வைத்து யாரும் உங்கள் பேச்சைக் கேட்கவோ பணத்தை எடுக்கவோ முடியாது. வதந்தியில் நாம் மட்டும் தனியாக இல்லை. அதே 2023 அக்டோபர் 4ஆம் தேதி அமெரிக்காவில் இப்படி ஒரு சோதனை நடப்பதற்கு முன்னால், தடுப்பூசி போட்டவர்கள் உடம்பில் ஏதோ நடக்கப்போகிறது என்று அங்கேயும் பரப்பினார்கள்.

அரசாங்கத்தின் மீதும் எனக்குக் குறை இருக்கிறது. சத்தத்தோடு வந்த செய்தி, இது வெறும் சோதனை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று சொன்னது. சரி. நிஜமாக வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை யார் சொல்வது? எந்தத் தெரு வழியாகப் போவது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் தூக்குவது? சோதனை நாளன்றே ஊர்ப் பஞ்சாயத்து மைக்கில் நாலு வார்த்தை சொல்லி, ஜனங்களை அந்த வழியில் ஒரு தடவை நடக்க வைத்திருந்தால், வந்த பயமும் உபயோகப்பட்டிருக்கும். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தச் செய்தி வெறும் சத்தம்தான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் பட்டன் போன் வைத்திருக்கிற வயதானவர்கள் பலர். நான் விசாரித்தவரை அவர்கள் ஒருவர் போனிலும் ஒலிக்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் கதை அதைவிட மோசம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே டவர் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் நடுக்கடலில் மாட்டிக்கொண்டதை மறக்க முடியுமா? செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்குகிற கருவி எல்லாப் படகிலும் இருந்தால்தான் இந்த ஏற்பாடு எங்களுக்கு முழுதாகப் பயன்படும். கஜா புயல் அடித்த 2018இல் கரண்ட் போய்ப் போன் எல்லாம் செத்துக் கிடந்ததால், கரையில் இருந்தவர்களுக்கும் ஊர் மைக்கும் தண்டோராவும் கட்டாயம் வேண்டும் என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2023 ஏப்ரல் 23ஆம் தேதி இதேபோல் சோதனை நடத்தினார்கள். வீட்டில் அடி உதை வாங்குகிற பெண்கள் ஒளித்து வைத்திருக்கும் போனை இந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அங்கே பெண்கள் அமைப்புகள் முன்கூட்டியே எச்சரித்து, ஆஃப் செய்கிற வழியையும் சொல்லிக் கொடுத்தன. நம் ஊரிலும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், என் கடைக்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் ஆஃப் செய்து வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த சோதனைக்கு முன்னால் அதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும்.

மற்றவர்கள் தயவுசெய்து ஆன் செய்து வையுங்கள். மழையும் புயலும் வருகிற மாதங்கள் இவை. நான் ஆஃப் செய்து கொடுத்த பத்துப் பேரில் ஏழு பேரைத் தேடிப் பிடித்து மறுபடி ஆன் செய்துவிட்டேன். மீதி மூன்று பேர் யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இதைப் படித்தால் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், ஒரு நிமிட வேலைதான். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு செல்போன் கடைக்காரர்,
நாகப்பட்டினம் மாவட்டம்