செயலாளர் ஆண்டறிக்கை: மெண்டல்சன் வருடம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஒரே இசையமைப்பாளரை வைத்து நம் இசைக் கூட்டங்களை ஒரு வருடம் ஓட்ட முடியுமா என்று போன பொதுக்குழுவில் கேட்டவர்கள்தான் இந்த வருடம் முன்வரிசை நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்கள், அதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் 1809-இல் ஹாம்பர்க்கில் பிறந்து 1847-இல் லைப்சிக்கில் இறந்தவர், 38 வயதுதான். அப்பா வங்கி நடத்தியவர், தாத்தா மோசஸ் மெண்டல்சன் பெரிய தத்துவவாதி. பதினாறு வயதில் எட்டுக் கம்பி வாத்தியங்களுக்கு எழுதிய ஆக்டெட்டை முதல் கூட்டத்தில் கேட்டோம். வசதியான வீட்டுப் பிள்ளை, அதனால் இசையில் ஆழமில்லை என்ற பழைய புகார் அன்றும் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை, விவாதம் டீ ஆறும்வரை போனது.

அதிகம் பேசியது அவர் இசைக்குழு நடத்துனராகச் செய்த வேலையைப் பற்றித்தான். 1829 மார்ச் 11 அன்று பெர்லினில், பழைய இசைமேதை பாக் இறந்து 79 ஆண்டுகள் கழித்து, இயேசுவின் பாடுகளைப் பாடும் அவருடைய மத்தேயு பேஷனை இருபது வயதுப் பையன் மேடையேற்றினார். பல பாடல்களை வெட்டித்தான் நடத்தினார், ஆனாலும் டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்கள் ஏராளம், பத்து நாளில் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. 1835-இல் லைப்சிக்கின் கேவாண்ட்ஹவுஸ் அரங்க இசைக்குழுவின் பொறுப்புக்கு வந்தார். அதுவரை அங்கே சிம்பொனிகளை முதல் வயலின்காரர் வாசித்துக்கொண்டே வழிநடத்துவார், இவர் தாளம் காட்டும் கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றார். மறைந்த இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனி, வியன்னாவில் அவருடைய அண்ணன் வீட்டில் இன்னொரு இசையமைப்பாளர் ஷூமன் கண்டெடுத்தது, 1839-இல் முதலில் அரங்கேறியதும் இவர் கையால்தான். செத்துப்போனவர்களின் இசையைக் காசு கொடுத்துக் கேட்கும் பழக்கம் ஊன்றியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து, மறுப்பவர்கள் பேசலாம்.

வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) கேட்ட மாலையில் ஒரு வேடிக்கை. முதல் பகுதி முடிந்தது என்று கைதட்டக் கை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள், ஏனென்றால் பஸூன் என்ற ஒரே ஒரு ஊதுகுழல் ஒரு ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு இழுத்துப் போய்விட்டது. நடுவில் இடைவெளி விடாமல்தான் எழுதியிருக்கிறார். 1845 மார்ச்சில் வயலின்காரர் ஃபெர்டினாண்ட் டேவிட் அதை முதலில் வாசித்தபோது மெண்டல்சனுக்கு உடல்நலமில்லை, நடத்தியவர் நீல்ஸ் காடே.

இறந்த பிறகும் அவரை விடவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1850-இல் இசையமைப்பாளர் வாக்னர் புனைபெயரில் மட்டம் தட்டி எழுதினார். 1936 நவம்பரில் லைப்சிக் மேயர் கோர்டெலர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, கேவாண்ட்ஹவுஸ் முன் இருந்த மெண்டல்சன் சிலையை நாஜிகள் பெயர்த்தார்கள், அதன்பின் மேயர் பதவியைத் துறந்தார். 2008-இல்தான் தாமஸ் தேவாலயத்தருகே அதன் நகல் நின்றது.

அக்கா ஃபேனியைப் பற்றி ஒரு மாலை போதவில்லை. அவள் பாடல்கள் சில தம்பி பெயரில் வெளியானவை. 1842-இல் விக்டோரியா ராணி 'இத்தாலி' (Italien) என்ற பாடலைப் பாடிக்காட்ட, அது அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் பாடல்கள் அச்சேறுவதை அவர் பெரிதாக ஊக்குவிக்கவில்லை என்பதும் உண்மை. ஆகவே வரும் வருடத்தில் பாதியை ஃபேனிக்கே ஒதுக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது.

அப்புறம், இடது ஸ்பீக்கர் இன்னும் கரகரக்கிறது, புதிது வாங்க ஒப்புதல் வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அவர் மைக்கைப் பிடிப்பதற்கு முன் கட்டிவிடுவது நல்லது.