பழைய ரிமோட் படகை ஓட வைத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய படகு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று உங்களிடம் கேட்டேன். பதில் சொன்னதோடு நிற்காமல், கூடவே உட்கார்ந்து வேலையும் செய்து கொடுத்தீர்கள். படகு இப்போது அருமையாக ஓடுகிறது.

முதல் நன்றி, விற்ற ஐயாவுக்கு. அடிப்பக்கத்து விரிசலை மறைக்காமல் விரல் வைத்துக் காட்டினீர்கள். உதிரி புரொப்பெல்லர்களையும் நான் கேட்காமலே கொடுத்தனுப்பினீர்கள்.

மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கம்பியான ஷாஃப்ட்டின் வேலை பார்த்துக் கொடுத்த அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. "மோட்டாரைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டைக் கையால சுத்திப் பாரு" என்றீர்கள். மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிச் சுற்றினால், பாதிச் சுற்றிலேயே இறுகி நின்றது. உருவிப் பார்த்தபோது பழைய கிரீஸ் கறுத்து, மெழுகு போல் ஒட்டியிருந்தது. ஷாஃப்ட் ஓடும் குழாயைச் சுத்தம் செய்து புது கிரீஸ் நிரப்பும்போதே, உராய்வைக் குறைப்பதோடு தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் அந்த கிரீஸ்தான் என்று விளக்கினீர்கள். பிறகு மோட்டாருக்கு அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, மோட்டாரும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்வரை விடவில்லை. அந்தப் பொறுமையை நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

விரிசலை அடைக்கச் சொல்லிக்கொடுத்த தோழிக்கும் நன்றி. பளபளப்பு போகத் தேய்த்தால்தான் எபாக்சி பசை பிடிக்கும் என்று சொல்லி, உள்பக்கம் ஃபைபர் துணி வைத்து ஒட்டவும் காட்டினீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மின்சார வேலை முழுவதும் தம்பியுடையது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டை எடுத்துவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் வைத்தாய். அந்த ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது என்பதால் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிக் கட்டினாய். சிக்னல் விட்டுப்போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃபும் வைத்தாய். புது பிரஷ்லெஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியபோது, மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டு நொடியில் சரிசெய்ததை இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

மூன்று செல் பேட்டரி போடலாமா என்று நான் ஆசைப்பட்டபோது, கணக்குப் போட்டுக் காட்டினாய். 2000 கேவி மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று; சுமை இல்லாமல், இரண்டு செல்லின் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு சுமார் 14,800 சுற்று, மூன்று செல்லின் 11.1 வோல்ட்டில் 22,200. படகின் பழைய உடம்பு அதைத் தாங்காது என்றாய். இரண்டு செல்லே போதும் என்று இப்போது நானும் உறுதியாக நம்புகிறேன். அலைமேல் தாவாமல் அழகாக வழுக்கிப் போகிறது.

பேட்டரியின் செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்யும் பேலன்ஸ் சார்ஜரை இரவல் கொடுத்து, சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருக்கச் சொன்ன நண்பருக்கும் நன்றி. சார்ஜரை இந்த வாரம் கொண்டுவந்து தருகிறேன்.

கழற்றிய பழைய மோட்டாரும் ரிமோட் செட்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. படகு கட்டத் தொடங்கும் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், இலவசமாகத் தருகிறேன். ஷாஃப்ட் மாட்டவும் உடன் வருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
படகின் புது உரிமையாளர்