இரண்டு கோடுகளை நம்பி

ஹட்டன்

அன்பின் சந்திரனுக்கு,

நலம். இங்கே மழை விடவில்லை, மற்றபடி குறையொன்றுமில்லை. சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்துவிட்டதென்றும், கடைசி 50 நாள் விலைகளின் சராசரிக் கோடு 200 நாள் கோட்டை மேல்நோக்கி வெட்டிவிட்டது, அது வாங்கச் சொல்லும் அடையாளம் என்பதால் அந்தத் தோட்டக் கம்பனிப் பங்கில் முழுவதையும் போடப் போவதாகவும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. பந்தயத்துக்குப் போன மாமாவே இவ்வளவு உற்சாகமாகப் பேசியதில்லை, மச்சான்.

அந்தக் கோடு எப்படிப் பிறக்கிறது என்று பார். ஐந்து நாள் முடிவு விலைகள் 40, 41, 43, 42, 44 என்றால் சராசரி 42. மறுநாள் விலை 49க்குத் தாவினால், பழைய 40 கழிந்து 49 சேர, சராசரி 43.80 ஆகிறது. விலை ஐந்து ரூபாய் ஏறிய நாளில் கோடு இரண்டு ரூபாய்கூட ஏறவில்லை. நாள் கூடக்கூட இந்தச் சுணக்கமும் கூடும். 200 நாள் கோடு ஏறத்தாழ 100 நாள் பின்தங்கியே வரும். நீ கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் ஓர் இலைகூட இல்லாத நாளிலும் மூன்று மாதச் சராசரி கொழுந்து வருவதாகக் காட்டியதே, அதே கதைதான் இது. அண்மைய விலைக்குக் கூடுதல் எடை தரும் அடுக்குக்குறிச் சராசரி சற்று வேகமாகத் திரும்பும் என்பது உண்மை; ஆனால் வேகமாகத் திரும்புவது பொய்யாகவும் அடிக்கடி திரும்பும்.

நீண்ட நாள் ஒரே திசையில் போகும் சந்தையில் இந்த முறை நன்றாகவே உதவுகிறது. அதை நான் மறுக்கவில்லை. விலை ஒரே மட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில்தான், கோடுகள் மாறிமாறி வெட்டி, உயரத்தில் வாங்கவும் பள்ளத்தில் விற்கவும் வைக்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையில் 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகும் வரியும் சேர்த்து வாங்கும்போது நூற்றுக்கு 1.12, விற்கும்போது இன்னொரு 1.12 போகிறது. 50 ரூபாய்க்கு வாங்கிய பங்கை 51க்கு விற்றாலும் பங்குக்கு 13 சதம் (0.13 ரூபாய்) நட்டம். உன் சராசரியில் இந்தச் செலவு எந்த மூலையிலும் தெரியாது.

இன்னொன்று என்னை அதைவிட உறுத்துகிறது. நம்முடைய சிறிய பங்குகளில் சில, நாள்கணக்கில் கைமாறுவதே இல்லை. வியாபாரம் நடக்காத நாளுக்கும் பழைய விலையே திரும்பத் திரும்பப் பதிவானால், கோடு வழுவழுப்பாக அழகாய்த் தெரியும். விற்கப் போகும்போதோ அந்த விலைக்கு வாங்க ஆளிருக்காது. ஒரு பங்கு பலவாகப் பிரிக்கப்பட்டு விலையும் அதற்கேற்பக் குறைந்த பிறகு பழைய விலைகள் திருத்தப்படாத வரைபடமாக இருந்தால், நடக்காத வீழ்ச்சியொன்றையும் அது காட்டும். 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலைநாள்கள் சந்தையே மூடிக் கிடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய். விற்கச் சொல்லிக் கோடு கத்தியிருந்தாலும், யாரிடம் போய் விற்பது?

பங்கே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. மகளின் கலியாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதே. மிச்சத்தில் ஒரு சிறு பகுதியோடு நிறுத்திக்கொள். அதற்கு முன் அந்தப் பங்கின் ஆறு மாத முடிவு விலைகளையும், ஒவ்வொரு நாளும் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் எழுதி அனுப்பு. இரண்டாவது பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன். பெரியசாமி வாத்தியாரிடம் மட்டும் மூச்சு விடாதே, மறுபடியும் பின்னம் நடத்தத் தொடங்கிவிடுவார்.

அன்புடன்,
இராஜன்